மொட்டு விடாத வைகாசி

முதல் செடியின் முன்னால் குனிந்ததும் இடுப்பில் கட்டியிருந்த ஈரத்துண்டு நாச்சிமுத்துவின் வயிற்றில் சில்லென்று ஒட்டியது. துண்டின் மடிப்புக்குள் அரைக் கிலோ குண்டுமல்லி மொட்டு இருந்தது. விடிகிற நேரத்தில் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மாவிடம் வாங்கி வந்தது. செடியில் மொட்டு இல்லை. ஒன்று என்றால் ஒன்று கூட இல்லை. இருபத்திரண்டு செடி, வைகாசி மாதம், ஊரெல்லாம் வேலி தாண்டி மல்லிகை கொட்டிக் கிடக்கிற மாதம், இந்த வீட்டில் மட்டும் இலை. வலது கையைச் செடிக்குள் விட்டு, விரலை இரண்டு தடவை அசைத்து, கிள்ளுகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்பி, இடது கையால் துண்டிலிருந்து ஏழெட்டு மொட்டை எடுத்து, இரண்டு கையையும் சேர்த்துப் போசிப் பாத்திரத்தில் கொட்ட வேண்டும். சன்னலிலிருந்து பார்த்தால் பூப் பறிக்கிற மாதிரி இருக்கும். இருக்க வேண்டும். வெறுங்கையால் முழம் போடுகிறவன் என்று அவரே எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறார். அறுபத்திரண்டு வயதில் அந்த வேலையைத் தானே செய்ய வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. பதினைந்து அடி தள்ளிச் சன்னல், அதன் கம்பியை ஒட்டி, தலைக்கு மூன்று தலையணை அண்டக் கொடுத்த கட்டிலில் மனைவி துளசிமணி சாய்ந்திருக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரும்பிப் பார்க்கக் கூடாது, பூப் பறிக்கிறவன் செடியைத்தான் பார்ப்பான், சன்னலைப் பார்க்கிறவன் திருடன். நாளைக்குக் காலையில் இதே வாசலில், இந்தச் செடிகளுக்கு நடுவில், மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு வரத் துளசிமணியால் முடியாது என்பதால் மண்டபம் அவளிடம் வந்தது. படுக்கையில் படுத்தபடியே தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று மணவறையைச் சன்னலுக்கு நேராகப் போடச் சொன்னார். ஆனால் அவள் கேட்டது அது இல்லை. பந்தல் வேண்டும் என்று கேட்கவில்லை, மேளம் வேண்டும் என்று கேட்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் பெண்ணின் தலையில் வைக்கிற முதல் சரம் தன் செடிப் பூவாக, தன் கையால் கட்டியதாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். இரண்டு மாதமாகத் தினம் கேட்டாள். மொட்டு வெச்சுருச்சுங்களா என்பாள். வெச்சுருச்சு என்பார். எத்தனை செடியிலீங்க என்பாள். எல்லாச் செடியிலயும் என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்குச் சோறாவது வேண்டுமே, அவரிடம் அதுவும் இல்லை. இரண்டாவது செடிக்கு நகர்ந்தார்.

இலைக்கு ஒரு குறையும் கிடையாது. அதுதான் வினை. கரும்பச்சையில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக அடர்ந்து, விரலை விட்டால் விரல் தெரியாத இலை. வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டு, தோட்டம் என்னங்க இத்தனை செழிப்பு என்கிறார்கள். செழிப்பு அவர் போட்டது. கூட்டுறவுச் சங்கத்தின் உரக் கிடங்கை இருபத்தெட்டு வருஷம் பார்த்துக்கொண்டவர். அந்த வாசம் சட்டையில் ஏறி, சட்டையிலிருந்து உடம்பில் ஏறி, கல்யாணமான புதிதில் துளசிமணி அவர் சட்டையைத் தனியாகத்தான் ஊற வைப்பாள். தோட்டத்துக்குள் ஒரு பிடி யூரியா வர விட்டதில்லை. உங்க மூட்டைய அங்கயே வெச்சுக்குங்க, என்ற செடிக்கு அது ஆவாது என்பாள். கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊற வைத்து, தெருவே மூக்கைப் பிடிக்கிற அந்தத் தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு ஊற்றுவாள். போன கார்த்திகையில் முக்காலியைச் செடிக்குச் செடி இழுத்துப் போட்டு உட்கார்ந்து கவாத்துப் பண்ணினாள்; இரண்டு செடிக்கு ஒரு தரம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, போதும் வா, மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம் என்றார். அதற்கப்புறம் அவள் தோட்டத்தில் இறங்கவே இல்லை. தையிலும் மாசியிலும் கோயமுத்தூரில் கர்ப்பப்பைப் புற்றுக்குக் கரண்ட் வைத்தார்கள். அவளுடைய அக்கா ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க, இவர் இரண்டு நாளுக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்து செடிக்குத் தண்ணீர் விட்டார். கவாத்துப் பண்ணின செடி குச்சி குச்சியாக நின்றது. துளிர் வருமா என்று பார்த்தால் வரவில்லை. வரும், வைத்த பொறுமைக்கு வரும், ஆனால் அவருக்குப் பொறுமை எங்கே இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பழைய கிடங்குக்குப் போய் ஒரு மூட்டை வாங்கி வந்து செடிக்கு ஒரு பிடி வைத்தார். பத்து நாளில் இலை வந்தது. அந்தப் பச்சையைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனுஷனுக்கு, தன் கை பட்டு ஒன்றாவது தழைக்கிறதே என்ற சந்தோஷம். இன்னொரு பிடி வைத்தார். பங்குனியில் மறுபடியும். பூச்செடிக்கு யூரியாவைக் கொறைச்சுப் போடுங்க, இல்லாட்டி எலதான் வரும் என்று எத்தனை விவசாயிக்குக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லியிருப்பார். அது ஊருக்குச் சொன்னது. தனக்கென்று வந்தபோது, முதலில் இலை தேறட்டும், அப்புறம் மொட்டு தன்னால் வரும் என்று நினைத்தார். மூன்றாவது செடி. கிள்ளு, திருப்பு, கொட்டு.

முதலில் தேறட்டும். இதே வார்த்தையைத்தான் துளசிமணிக்கும் சொன்னார். போன வருஷம் சித்திரையில், அவள் அடுப்படியில் நின்றுகொண்டு முகத்தைத் திருப்பியபடி, தூரம் நின்னு ரெண்டு வருஷமாச்சு, இப்ப மறுபடியும் படுதுங்க என்று சொன்னபோது, அவர் மெடிக்கல் கடைக்குப் போய் இரும்புச் சத்து டானிக் வாங்கி வந்தார். சிவப்பு டானிக், பெரிய பாட்டில். முதல்ல உடம்பு தேறட்டும், அப்பறம் டாக்டரப் பாக்கலாம். தேறினாள். கன்னத்தில் ரத்தம் ஏறின மாதிரி இருந்தது, அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒரு பாட்டில் முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று, ஆவணி வந்தபிறகுதான் டாக்டரிடம் போனார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். வீட்டில்தான் இருந்தோம் என்று இவர் பதில் சொன்னார். எவ்வளவு மடத்தனமான பதில், வீட்டில்தான் இருந்தோம். இப்போதும் பார்க்க வருகிறவர்கள் தேறியிருக்கிறாள் என்றுதான் சொல்கிறார்கள். வலிக்குக் கொடுக்கிற மாத்திரையில் ஒன்று முகத்தை உப்ப வைத்துவிட்டது. வற்றிப் போயிருந்த முகம் உருண்டு, வழவழவென்று, இருபது வயதில் பார்த்த முகம் மாதிரி. நேற்று சரசாக்கா வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, அட நல்லாத் தேறீட்டயே துளசி, நாளன்னிக்கு எந்திரிச்சு வந்து சம்பந்திக்குச் சந்தனம் பூசிருவ போலிருக்குது என்றாள். அவருடைய கூடப் பிறந்த அக்கா, வாயில் நல்ல வார்த்தை. அதே அக்கா வெளியே வந்து, முகூர்த்தக்கால் நட்டிருந்த மூலையில் அவரை நிறுத்தி, குரலைத் தணித்துக்கொண்டு, ஏப்பா, கால் நட்டாச்சு, இனி எதுக்கும் பயப்படாத, நடுவுல என்ன ஆனாலும் கலியாணம் நிக்காது, தீட்டு அண்டாது என்றாள். நடுவுல என்ன ஆனாலும். அந்த வார்த்தையைக் கேட்டபோது அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது. முக்கிளையுள்ள பால்மரக் கொம்பு, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து கட்டியது, அதை நட்டுவிட்டால் வீட்டுக்குச் சாவு வராது என்று இல்லை, வந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். யாரோ ஒருவனுக்கு இப்படி ஒரு வீடு முன்னமே வாய்த்திருக்க வேண்டும், அவனுக்காக ஏற்படுத்தினது. ஐந்தாவது செடியா, ஆறாவதா.

பந்தல்காரர் ரங்கசாமி நேற்றுச் சாயங்காலம் கடைசிக் கம்பத்தைக் கட்டிவிட்டு இறங்கி வந்து, கையைத் தட்டிக்கொண்டே, எப்பப் பிரிக்கறதுங்க என்று கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. அவருக்கு வேறு வீட்டுக்குச் சாமான் போக வேண்டும். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில பிரிச்சுக்குங்க என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தவர் திறந்தபடி நின்றார். இந்தப் பந்தல், இந்த வாசல், இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாம் ஒரு வாரம் அப்படியே இருந்தால் மறுபடியும் கட்ட வேண்டியதில்லையே என்று ஒரு நினைப்பு. அவர் நினைக்கவில்லை, அது தானாக வந்து நின்றது. சொல்றன் ரங்கசாமி என்றார். எப்பங்க சொல்லுவீங்க என்று அந்த மனுஷன் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு, சரிங்க, நெதானமாச் சொல்லுங்க என்று போய்விட்டார். அவருக்கும் புரிந்திருக்கும். ஊரில் எல்லோருக்கும் எல்லாம் புரிகிறது. வரப்போகிற ஆவணியில் வைத்திருந்த கல்யாணத்தை முன்னால் வைகாசிக்கு இழுத்தபோதே புரிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. காலையில் பூக்காரம்மா கூட மொட்டை நிறுத்துப் போட்டுக்கொண்டே, ஏனுங்க, உங்கூட்டுல இல்லாத மல்லியா, அம்மா எனக்கல்லொ மடி நெறயக் குடுத்தனுப்புவாங்க என்று சொல்லி, சொல்லும்போதே நிறுத்திக்கொண்டு, ஒரு கை அதிகமாக அள்ளிப் போட்டாள். அந்த ஒரு கைதான் வயிற்றில் இன்னும் குளிர்ந்துகொண்டிருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழை நட்டாயிற்று. தென்னங்குருத்துத் தோரணம் கட்டியாயிற்று. பங்குனியில் அவர் விதைத்த செண்டுமல்லி மட்டும் மஞ்சளும் ஆரஞ்சுமாக வரப்பு முழுக்கப் பூத்து நின்றது, வெட்கமில்லாமல். அதைச் சன்னல் வழியாகக் காட்டினபோது துளசிமணி, செண்டுமல்லி எவன் நட்டாலும் பூக்குமுங்க என்றாள். அது நல்ல நாள். மூன்று வாரத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு வார்த்தை வரவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. மொட்டு வெச்சுருச்சுங்களா என்று மட்டும் கேட்கிறாள். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

பயம் இந்தப் போசியை அவள் கையில் கொடுக்கிற நிமிஷத்தைப் பற்றி. அவளிடம் அவர் சொன்ன பொய் ஒன்று கூட முழுசாக ஒரு நாள் தாங்கினதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால், மொபெட் வாங்கின புதிதில், சினேகிதனோடு கொடிவேரி போய் வருகிற வழியில் புளியமரத்தில் இடித்து முன்விளக்கை உடைத்துக்கொண்டு வந்தார். கொடிவேரிக்குப் போனதைச் சொன்னால் வம்பு. குறுக்கே ஒரு ஆடு பூந்துருச்சு என்றார். அப்படீங்களா, பாவம் என்றாள். சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். மோர் ஊற்றுகிற நேரத்தில், தலையை நிமிர்த்தாமல், ஆடு என்ன நெறமுங்க என்று கேட்டாள். அவருக்கு வாயில் சோறு இருந்தது. கறுப்பு என்று சொல்லியிருக்கலாம், வெள்ளை என்று சொல்லியிருக்கலாம், ஆட்டுக்கு நிறமா பஞ்சம். சொல்ல வரவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் மோர்ச் சட்டி ஆடிற்று. அன்றிலிருந்து அது அந்த வீட்டின் வழக்குச் சொல்லாகிவிட்டது. சங்கத்தில் மீட்டிங் என்று லேட்டாக வந்தால் ஆடு என்ன நெறம். சர்க்கரை போடாமல்தான் காப்பி குடித்தேன் என்றால் ஆடு என்ன நெறம். சிந்துஜா எட்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்றபோது, அவளுக்கும் அதே கேள்வி. அப்படிப்பட்டவளிடம் கடைப் பூவைக் கொண்டுபோய் உன் செடிப் பூ என்று கொடுக்கப் போகிறார். அவள் செடி மொட்டு நுனியில் லேசாகச் சிவந்திருக்கும், காம்பு குட்டை, கடையில் வருகிறது நெட்டைக் காம்பு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லுவாள். சொல்லுவாள், ஆடு என்ன நெறமுங்க என்று கேட்பாள். அப்போது யூரியா வெளியே வரும், டானிக் வெளியே வரும், எல்லாம் வரும். பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, கேட்டால் நன்றாக இருக்குமே என்று. அவர் அதைக் கையால் ஒதுக்கி விட்டு ஒன்பதாவது செடிக்குப் போனார்.

அப்பா என்று பின்னால் குரல் கேட்டது. சிந்துஜா நைட்டியும் மேலே ஒரு துண்டுமாக நின்றிருந்தாள். நேற்று வைத்த மருதாணி முழங்கை வரைக்கும் காய்ந்து உதிர்ந்து சிவந்திருந்தது. "நானும் பறிக்கட்டுங்களாப்பா?" "வேண்டாம் அம்முணி, நீ உள்ள போ. கல்யாணப் பொண்ணு காலையில ஈரத்துல நிக்கக் கூடாது." "அம்மாதான் போச் சொன்னாங்க. அப்பன் ஒத்தையாப் பறிக்கறாரு, போய்க் கூடமாடச் செய்யின்னாங்க." அவர் செடியை மறைத்துக்கொண்டு நின்றார். முப்பது அங்குல முதுகை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு செடியை மறைக்க முடியுமா. அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு செடியை விலக்கினாள், அடுத்ததை விலக்கினாள். அப்புறம் அவர் இடுப்பைப் பார்த்தாள். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி வேட்டி தொடை வரைக்கும் நனைந்திருந்தது. சின்ன வயதிலிருந்து இந்தப் பெண்ணுக்கு ஒன்று புரிந்தால் கீழுதட்டைக் கடிக்கும். கடித்தாள். "எப்ப இருந்துங்கப்பா?" "பூக்கவே இல்ல சாமி. நாந்தான் உரத்தப் போட்டுக் கெடுத்துட்டன்." "அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்கப்பா." "என்னன்னு சொல்றது?" தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். சன்னல் பக்கம் பார்க்கப் போன அவள் தலையைப் பாதியில் நிறுத்தி, குனிந்து, அவர் துண்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி மொட்டை அள்ளிக்கொண்டாள். பக்கத்துச் செடிக்கு நகர்ந்து கையை உள்ளே விட்டாள். "அம்மா பாக்கறாங்க. நீங்க குனிஞ்சே இருங்கப்பா" என்றாள். மணிக்கட்டைத் திருப்புகிற விதம் அவரை விட அவளுக்கு நன்றாக வந்தது. நாளைக்கு மணவறையில் உட்காரப் போகிற பெண், மொட்டில்லாத செடியில் பூப் பறிக்கிறாள். அவர் சொல்லிக் கொடுத்த ஒரே கைத்தொழில். இலை சலசலத்தது, மொட்டு போசியில் விழுந்தது, பூக்காரம்மா அள்ளிப் போட்ட அந்த ஒரு கை முடிந்து அடிமடிக்கு வந்துவிட்டார்கள்.

பதினேழாவது செடியில் அவர் விரலில் ஏதோ தட்டியது. முதலில் பூச்சி என்று நினைத்தார். இலையைத் தூக்கிப் பார்த்தால், இரண்டு இலைக்கு நடுக் கணுவில், பச்சையாக, அரிசி அளவு ஒரு மொட்டு. ஒன்று இல்லை, மூன்று மொட்டு சேர்ந்த கொத்து. கிட்டத்தில் பார்க்க முழங்காலை மண்ணில் ஊன்றினார். வந்துவிட்டது. இனி வரும். யூரியா வேகம் அடங்கிவிட்டது, இனி எல்லாச் செடியிலும் வரும், துளசிமணி சொல்கிற மாதிரி செடி ஏமாத்தாது. அரிசி அளவு மொட்டு பறிக்கிற பருவத்துக்கு வர எத்தனை நாள் ஆகும். பத்து, பன்னிரண்டு. வெயில் நன்றாக அடித்தால் பத்து. போன வாரம் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே கல்யாணம் என்றைக்கு என்று கேட்டார். புதன்கிழமை என்றதும், நல்லது, அதுவரைக்கும் ஒன்றும் ஆகாது என்றார். அதற்கப்புறம் என்று கேட்டதற்கு ஊசியை டப்பாவில் வைத்து மூடினார். பத்து நாள் என்று அவர் சொல்லவில்லை. பத்தும் சொல்லவில்லை, ஐந்தும் சொல்லவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு இந்தப் பூ, அன்றைக்கென்று பூக்கிற இந்தப் பூ, இருபத்திரண்டு செடியிலும் ஒரே சமயத்தில் பூத்து, யார் தலையில் வைக்க, எதற்குப் போட. எப்பப் பிரிக்கறதுங்க என்று ரங்கசாமி மனசுக்குள் மறுபடியும் வந்து நின்றார், கையைத் தட்டிக்கொண்டு. நாச்சிமுத்து இலையை முன்னிருந்தபடியே விட்டு மூடினார். கிள்ளி எறிந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, கை போகவில்லை. என்னங்கப்பா என்று சிந்துஜா அந்தப் பக்கமிருந்து கேட்டாள். ஒண்ணுமில்ல அம்முணி, கட்டெறும்பு என்றார். மிச்சமிருந்த ஐந்து செடியையும் ஒழுங்காகப் பறித்து முடித்தார்கள்.

போசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது துளசிமணி கையை நீட்டியபடி காத்திருந்தாள். மடியில் வாழைநாரை நனைத்துப் பிழிந்து தயாராக வைத்திருந்தாள், காலையில் சிந்துஜாவிடம் கேட்டு வாங்கியது. உருண்ட முகத்தில் கண் மட்டும் சின்னதாக இருந்தது. அவர் போசியை அவள் மடியில் வைத்தார். வைத்துவிட்டுத் தள்ளி நிற்காமல் பக்கத்திலேயே நின்றார், பிடிபடப் போகிறவன் ஓடாமல் நிற்கிற மாதிரி. அவள் ஒரு மொட்டை எடுத்தாள். நெட்டைக் காம்பு. விரலால் உருட்டினாள். நுனியைப் பார்த்தாள், நுனி வெறும் வெள்ளை. மூக்கருகே கொண்டுபோனாள். "ஏனுங்க" என்றாள். அவர் சொல்லு என்றார். சொல்லு துளசி, கேளு, கேட்டுவிடு, முப்பது வருஷமாகக் கேட்டதை இன்றைக்கும் கேளு, இந்தத் தரம் எல்லாத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள். "நாஞ் சொன்னனல்லங்க. அந்த உரத்தப் போடாம வெச்சிருந்தீங்க பாருங்க, அதுதான். எப்படிப் பூத்திருக்குது பாருங்க. என்ற செடி ஏமாத்தாதுங்க." சிரித்தாள். மோர்ச் சட்டி ஆடுகிற சிரிப்பு இல்லை, குழந்தைக்குப் பொம்மை கிடைத்தால் சிரிக்குமே, அது. இரண்டு மொட்டை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் வைத்து நாரைச் சுற்றினாள். முடிச்சு நழுவி மொட்டு மடியில் விழுந்தது. மறுபடியும் எடுத்து வைத்தாள். அவர் கண் அவள் முகத்திலேயே இருந்தது. புருவம் கொஞ்சம் தூக்கும், இல்லை, உதடு ஒரு பக்கம் இழுக்கும், இல்லை, இனி வரும், முடிச்சுப் போட்டு முடிக்கட்டும், மோர் ஊற்றுகிற நேரத்தில் கேட்ட மாதிரி கேட்பாள். கேட்கவில்லை. நம்பிவிட்டாள். அவரைத் தெரிந்த ஒரே ஆள், அவர் சொன்ன எதையும் சும்மா நம்பாத ஒரே ஆள், அவரிடம் சொல்லிக்கொள்ளாமல், எந்த நாள் என்று கூடத் தெரியாமல், இந்த மூன்று வாரத்தில் எப்போதோ எழுந்து போயிருந்தாள். டாக்டர் புதன்கிழமை வரைக்கும் என்று சொன்னது இங்கே சாய்ந்து பூக் கட்டுகிற இந்த உடம்பை மட்டும்தான். "வெயில் ஏறுதுங்க. செடிக்குத் தண்ணி விடுங்க, நாம் பாத்துட்டு இருக்கறன்" என்றாள். சரி துளசி என்றார்.

வெளியே வந்தபோது சிந்துஜா மணவறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். மருதாணிக் கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து எழுந்து நின்று, "அம்மா ஆடு என்ன நெறம்னு கேட்டாங்களாப்பா?" என்றாள். "கேக்கல அம்முணி." "கேக்கவே இல்லீங்களா?" அவர் தலையை ஆட்டினார். அவள் படியில் மறுபடி உட்கார்ந்தாள். நாளைக்கு உட்காரப் போகிற இடம்தான். அழ வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. முகத்தை மட்டும் சன்னலுக்கு அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொள்ளச் சொன்னார். குழாயைத் திறந்து டியூபை இழுத்துக்கொண்டு போய் முதல் செடியின் தூரில் வைத்தார். கறுப்பு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கறுப்பு வெள்ளாடு, நெத்தியில ஒரு வெள்ளப் புள்ளி. கேட்க ஆள் இல்லை. தண்ணீர் இலைக்கு அடியில் புகுந்து ஓடியது. உள்ளேயிருந்து துளசிமணி சன்னல் கம்பியைத் தட்டி, கடைசிச் செடி வரைக்கும் விடுங்க என்று கையைக் காட்டினாள், அவர் சரி என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த செடிக்கு டியூபை நகர்த்தினார்.